விறகுக் கணக்கும் காபன் கணக்கும்

கணக்காய்வுத் தொழிலில் இருப்பவனுக்கு ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் கண் அந்த இடத்திலேயே நின்றுவிடும். சென்ற மாதம் என் மேசைக்கு வந்த ஓர் அறிக்கையில் அப்படி ஓர் எண் இருந்தது. நுவரெலியா மாவட்டத்தின் உயர்பகுதியில், தேயிலைக்கு மேலே எஞ்சியிருக்கும் இயற்கைக் காட்டின் ஒரு துண்டு எவ்வளவு காபனைச் சேர்த்து வைத்திருக்கிறது என்பதை மதிப்பிட்ட அறிக்கை அது. மரத்தின் பெயர், மார்பளவு உயரத்தில் எடுத்த விட்டம், மரத்தின் உயரம் என்று முதல் நிரல்கள் ஒழுங்காகவே இருந்தன. ஒரு கன சென்ரிமீற்றரில் எத்தனை கிராம் மரம் என்று காட்டும் ‘மர அடர்த்தி’ என்ற நிரலில் மட்டும், மேலிருந்து கீழ்வரை, எந்த மரமானாலும் 0.6 என்றே எழுதியிருந்தது.

அதற்கு அடுத்த நிரலான காபன் பங்கைப் பற்றியோ, அரைப் பக்கத்துக்கு ஓர் அடிக்குறிப்பு எழுதியிருந்தார்கள். முன்னர் உலர்ந்த மரத்தின் பாதி காபன் என்று, அதாவது 0.50 என்று கொள்வது வழக்கமாக இருந்தது என்றும், காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு 2006இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி தாம் 0.47ஐப் பயன்படுத்தியிருப்பதாகவும் அதில் விளக்கம் இருந்தது. அந்த விளக்கம் சரியானது. ஆனால் 0.6 எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. கடுகு போகிற இடத்தை ஆராய்வார், பூசணிக்காய் போகிற இடம் தெரியாது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அறிக்கையை எழுதியவர்கள் யாரென்பது இங்கே தேவையில்லை; இந்தப் பிழையைப் பலரும் செய்கிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு இந்த விடயத்தில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று சொல்லிவிடுகிறேன். நான் இப்போது வெள்ளவத்தையில் இருந்தாலும் பிறந்தது அக்கரப்பத்தனைப் பக்கம். என் தாத்தா அங்கே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் விறகுக் கணக்கு எழுதியவர். கொழுந்தை வாட்டுவதற்கும் உலர்த்துவதற்கும் வேண்டிய வெப்பம் விறகிலிருந்துதான் வந்தது. லொறியில் வந்து இறங்கும் விறகை அடுக்கி, அடுக்கின் நீளம், அகலம், உயரத்தைப் பார்த்து, கனவளவில் கணக்கெழுதுவார்கள். பணமும் கனவளவுக்கே. ஆனால் அடுப்பு கனவளவைப் பார்த்து எரிவதில்லை. ஒரே அளவான இரண்டு அடுக்குகளில் ஒன்று இரவு முழுவதும் தாங்கும். மற்றது நடுச்சாமத்துக்கு முன்னரே தீர்ந்துபோகும். அப்பாவின் அம்மாவான அப்பாயிக்கு இதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. “சவுக்கு வெறகு சடசடன்னு எரிஞ்சு சாம்பலாப் போயிரும் ராசா, காட்டு வெறகு ஒன்ன வச்சா விடியுற வரைக்கும் கணகணன்னு கெடக்கும்” என்பார். அவர் சவுக்கு என்றது தேயிலைக்கு நிழலாக நட்டிருக்கும் கிரெவில்லியாவை.

அப்பாயி சொன்னதன் பின்னாலுள்ள விஞ்ஞானம் வியப்பூட்டுமளவுக்கு எளிமையானது. நன்றாக உலர்ந்த மரம் எந்த இனத்தைச் சேர்ந்ததாக இருந்தாலும் ஒரு கிலோகிராம் எரிந்தால் ஏறக்குறைய ஒரே அளவு வெப்பத்தைத் தருகிறது. 18 முதல் 20 மெகாயூல் வரை என்று கொள்ளலாம். ஆகவே விறகுக்கு விறகு காணும் வேறுபாட்டின் பெரும்பகுதி, ஒரு கன மீற்றரில் எத்தனை கிலோகிராம் மரம் அடங்கியிருக்கிறது என்பதிலிருந்தே வருகிறது. காபன் கணக்கும் இதே கணக்குத்தான். ஒரு கிலோகிராம் உலர்ந்த மரத்திலுள்ள காபன் இனத்துக்கு இனம் சிறிதளவே மாறுகிறது. ஒரு கன மீற்றரில் அடங்கும் மரமோ பல மடங்கு மாறுகிறது. தாத்தாவின் தொழிற்சாலை கனவளவை அளந்துவிட்டுத் தரத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டது. என் மேசைக்கு வந்த அறிக்கை கனவளவை அளந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

ஏன் பல மடங்கு மாறுகிறது? மரத்தின் கலச்சுவர் என்ற பொருளை மட்டும் எடுத்துக்கொண்டால், அது எல்லா மரங்களிலும் ஏறக்குறைய ஒரே அடர்த்தியுடையது. ஒரு கன சென்ரிமீற்றருக்குச் சுமார் 1.5 கிராம். அதாவது எந்த மரமும், அதனுள் வெற்றிடமே இல்லாதிருந்தால், தண்ணீரில் கல்லைப் போல மூழ்கிவிடும். மிதப்பதும் மூழ்குவதும் உள்ளே எவ்வளவு வெற்றிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நீரைக் கொண்டுசெல்லும் காழ்க்கலன்கள் எவ்வளவு அகலமானவை, அவற்றைச் சூழ்ந்திருக்கும் நார்களின் சுவர் எவ்வளவு தடித்தது என்பவையே அந்த வெற்றிடத்தைத் தீர்மானிக்கின்றன. பல்சா மரத்தின் அடர்த்தி 0.15 அளவில் இருக்க, நம் நாட்டு உலர்வலயக் கருங்காலியின் வைரம் 1ஐத் தாண்டிவிடும். கோட்டையில் உல்லாசப் பயணிகளுக்கு விற்கும் கருங்காலி யானை உண்மையானதா, கறுப்பு மெருகு பூசிய வேறு மரமா என்று அறிய விரும்புபவர் அதை ஒரு வாளித் தண்ணீரில் இட்டுப் பார்க்கலாம். மிதக்கும் யானைக்குக் கொடுத்த பணம் திரும்பி வராது என்பது வேறு விடயம்.

காபன் பங்கு ஏன் அவ்வளவாக மாறுவதில்லை என்பதையும் பார்த்துவிட வேண்டும். மரத்தின் பெரும்பகுதி செலுலோசு, அரைச்செலுலோசு, இலிக்னின் என்ற மூன்று சேர்வைகளால் ஆனது. செலுலோசின் சூத்திரத்தை உயர்தர வகுப்பில் படித்தவர் எவரும் கணக்கிட்டுப் பார்க்கலாம். அதன் திணிவில் 44.4 சதவீதம் காபன். இலிக்னினில் அது 60 சதவீதத்துக்கு மேல். எனவே எந்த மரத்தின் காபன் பங்கும் இந்த இரண்டுக்கும் இடையில், செலுலோசின் பக்கம் சற்றுச் சாய்ந்து நிற்கிறது. இலிக்னினும் பிசினும் கூடுதலாகவுள்ள பைன் போன்ற ஊசியிலை மரங்களில் 50 சதவீதத்தைச் சற்றுத் தாண்டுகிறது. அகன்ற இலையுள்ள வெப்பவலய மரங்களில் 47 சதவீதத்தை ஒட்டி வருகிறது. மலைநாட்டுச் சரிவுகளில் நட்டிருக்கும் கரீபியன் பைனுக்குக் காபன் பங்கு கூடுதலாக இருக்கிறதென்று அதைச் சிறந்த காபன் களஞ்சியமென்று கூறுபவர்களை நான் சந்தித்திருக்கிறேன். ஒரு கிலோகிராமுக்கு மூன்று நான்கு சதவீதப் புள்ளிகள் கூடுதல் என்பது உண்மை. அந்த ஒரு கிலோகிராமுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று அவர்கள் கேட்பதில்லை.

காபன் பங்கில் ஒரே ஒரு நுட்பம் மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆய்வுகூடத்தில் மர மாதிரியைப் போறணையில் 105 பாகை செல்சியசு அளவில் உலர்த்திய பின்னரே எரித்துப் பகுப்பாய்வு செய்கிறார்கள். அப்போது நீராவியுடன் எளிதில் ஆவியாகும் எண்ணெய்களும் வெளியேறிவிடுகின்றன; அவற்றிலும் காபன் இருக்கிறது. வெப்பமூட்டாமல் உறைநிலையில் உலர்த்திப் பார்த்தபோது, பல இனங்களில் இந்த இழப்பு ஓரிரு சதவீதப் புள்ளிகள் வரை இருப்பது தெரியவந்தது. நம் மலைக்காட்டில் கறுவாவின் உறவான மரங்கள் இருக்கின்றன. கறுவா குடும்பத்து மரத்துண்டைப் போறணையில் வைத்ததும் சமையலறை மணக்குமென்றால், அந்த மணமும் கணக்கிலிருந்து வெளியேறும் காபன்தான். இப்படியான மரங்களுக்கு 0.47ஐ ஆராய்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது கடுகு.

பூசணிக்காயின் அளவை ஒரு மரத்தை வைத்தே காட்டுகிறேன். மரத்தை வெட்டாமல் அதன் திணிவை மதிப்பிட உலகெங்கும் இன்று பரவலாகப் பயன்படும் சமன்பாடு, பிரெஞ்சு ஆய்வாளர் ஜெரோம் ஷாவ் தலைமையிலான குழு 2014இல் வெளியிட்டது. வெப்பவலயத்தின் 58 இடங்களில் வெட்டி எடைபார்த்த 4,004 மரங்களின் தரவுகள் அதற்கு அடித்தளம். மர அடர்த்தியையும், விட்டத்தின் வர்க்கத்தையும், உயரத்தையும் பெருக்கி, வருவதை 0.976 என்ற அடுக்குக்கு உயர்த்தி, 0.0673ஆல் பெருக்கினால், நிலத்துக்கு மேலுள்ள உலர் திணிவு கிலோகிராமில் கிடைக்கும். 30 சென்ரிமீற்றர் விட்டமும் 10 மீற்றர் உயரமும் உள்ள ஒரு மரத்துக்கு 0.6 என்ற அடர்த்தியை இட்டால் 296 கிலோகிராம் வருகிறது. அதில் 0.47 பங்கு காபன், அதாவது 139 கிலோகிராம். வளியில் இருந்திருந்தால் அது ஏறக்குறைய 510 கிலோகிராம் காபனீரொட்சைட்டு.

இப்போது காபன் பங்கை 0.50 ஆக்கினால் 139 என்பது 148 ஆகிறது. ஒன்பது கிலோகிராம் வேறுபாடு. அரைப் பக்க அடிக்குறிப்பு இதற்காகத்தான். காபன் பங்கை 0.47இலேயே விட்டுவிட்டு அடர்த்தியை மாற்றிப் பார்த்தால், 0.45க்கு 105 கிலோகிராமும் 0.75க்கு 173 கிலோகிராமும் வருகின்றன. இந்த இரண்டு அடர்த்திகளும் ஒரே காட்டில், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் இரண்டு மரங்களுக்கு இருக்கக்கூடியவை. அறிக்கையின்படி அவை இரண்டும் ஒரே மரம்.

மலைக்காட்டைப் பார்த்திராத கொழும்பு வாசகருக்காக அந்த மரங்களைச் சற்று அறிமுகப்படுத்த வேண்டும். நுவரெலியா மாவட்டத்தின் ஹோர்ட்டன் சமவெளித் தேசிய பூங்காவுக்குப் போனவர்களிலும் பெரும்பாலோர் ‘உலக முடிவு’ என்ற செங்குத்துப் பாறை விளிம்பில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். வழியில் இருபக்கமும் நிற்கும் காட்டை மூடுபனியின் ஒரு பகுதியாகவே காண்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே, அடிமரம் முறுக்கி, கிளைகள் பாசியால் மூடி, உச்சி குடைபோலத் தட்டையாகி நிற்கும் குட்டையான மரங்கள் அவை. முதற்பார்வைக்கு வேற்றுலகத்து மரங்கள் போலத் தோன்றினாலும் அவற்றில் பல நமக்குச் சொந்தக்காரர்கள். அங்கே கீன என்று சிங்களத்தில் அழைக்கப்படும் மரம், கலோபில்லம் வாக்கரி, நம் கடற்கரைப் புன்னையின் மலைநாட்டு உறவு. சிசிஜியம் என்ற பேரினத்து மரங்கள் நாவலின் உறவு. சின்னமோமம் ஓவாலிபோலியம், கொழும்பில் ஒரு வட்டாரத்துக்கே பெயர் கொடுத்த கறுவாவின் உறவு. கார்சீனியா எக்கினோகார்ப்பா, மீன் குழம்பில் இடும் கொறுக்காயின் உறவு. விஞ்ஞானப் பெயரிலேயே நீலகிரியைச் சுமக்கும் மலைச்செண்பகமும் அங்கே உண்டு. சிங்களத்தில் மகா ரத்மல் எனப்படும் ரொடொடென்ட்ரன் சிவப்பாகப் பூத்து நிற்பதைக் கண்டவர் மறக்கமாட்டார்.

அந்தக் காடு அங்கே மிஞ்சியிருப்பதற்கே ஓர் எண்தான் காரணம். கோப்பிக்காக மலைகள் மொட்டையடிக்கப்பட்டுக்கொண்டிருந்த 1873இல், இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையின்படி, 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை அழிப்பதற்குத் தடை வந்தது. தடையை மீறிய இடங்கள் இல்லாமலில்லை. ஆயினும் மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீர் கொடுக்கும் உச்சிகளில் மரம் நிற்கிறதென்றால் அந்தக் கோட்டுக்கு அதில் பங்குண்டு. அம்பத்தளையில் களனி நீரைச் சுத்திகரித்துக் கொழும்புக்கு அனுப்புகிறார்கள். என் வீட்டுக் குழாயைத் திறக்கும்போது மேலேயுள்ள காட்டை நினைப்பதற்கு இது போதுமான காரணம்.

உறவுமுறையை இங்கே எடுத்துச் சொன்னது அலங்காரத்துக்கன்று. ஓர் இனத்தின் அடர்த்தி அளக்கப்பட்டிருக்கவில்லையென்றால், அதன் பேரினத்தின் சராசரியை எடுப்பது ஆய்வாளர்களின் வழக்கம். அதற்கு ஆதாரமும் உண்டு: மத்திய, தென் அமெரிக்க மரங்களை ஆராய்ந்தபோது, இனங்களுக்கிடையே காணும் அடர்த்தி வேறுபாட்டின் முக்கால் பங்களவைப் பேரினத்தைக் கொண்டே விளக்கிவிட முடிந்தது. 2009 முதல் 8,000க்கும் மேற்பட்ட இனங்களின் மர அடர்த்தியைத் தொகுத்த உலகளாவிய தரவுத்தளம் ஒன்று எவரும் இலவசமாகப் பயன்படுத்தும் வகையில் இருக்கிறது. ஆகவே எந்த அளவீடும் செய்யாமலே, மேசையில் இருந்தபடியே, புன்னைப் பேரினத்துக்கு ஓர் எண், நாவல் பேரினத்துக்கு ஓர் எண் என்று அந்த நிரலைத் திருத்தியிருக்கலாம். அரை நாள் வேலை. எல்லாவற்றுக்கும் 0.6 என்று இழுத்து நிரப்பியதை என்னால் மன்னிக்க முடியாதது இதனால்தான்.

ஆனால் உறவை வைத்து எடைபோடுவதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. கடற்கரை மணலில் வெயில் காயும் புன்னையும், இரவில் உறைபனி விழக்கூடிய சரிவில் காற்றை எதிர்த்து நிற்கும் கீனவும் ஒரே மாதிரியான மரத்தை உருவாக்குமென்று எதிர்பார்ப்பதற்கில்லை. குளிரில் நீரின் பாகுத்தன்மை கூடுகிறது; மூடுபனியில் இலைகள் நனைந்திருக்கும்போது நீரை மேலே இழுக்கும் வேகம் குறைகிறது; காற்று அடிமரத்தை ஓயாமல் வளைக்கிறது. இவையெல்லாம் காழ்க்கலன்களின் அகலத்தையும் நார்களின் தடிப்பையும் ஒவ்வொரு விதமாகப் பாதிக்கின்றன. மேலே ஏற ஏற மரம் அடர்த்தியாகும் என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது; சில மலைத்தொடர்களில் உயரத்தோடு சராசரி அடர்த்தி கூடியிருக்கிறது, சிலவற்றில் குறைந்திருக்கிறது. மெதுவாக வளர்ந்தது, ஆகவே வைரம் பாய்ந்தது என்ற நம்பிக்கை எனக்கும் நெடுநாள் இருந்தது. தேக்கு போன்று வளர்ச்சிப் பருவத்தின் தொடக்கத்தில் பெரிய கலன்களை வளையமாக இடும் மரங்களில் நிலைமை நேர்மாறாகவே இருக்கக்கூடும்: வளர்ச்சி மந்தமான ஆண்டில் அந்தக் கலன் வளையமே மரத்தின் பெரும்பகுதியாகிவிடுவதால் மரம் இலேசாகிறது.

அந்த மரங்களின் கோணலும் கணக்கில் சேரவேண்டியது. சாய்ந்து வளரும் அகன்ற இலை மரம் தன்னை நிமிர்த்திக்கொள்வதற்காகச் சாய்வின் மேற்பக்கத்தில் ஒரு தனி வகை மரத்தை உருவாக்குகிறது. இழுவை மரம் என்று இதைச் சொல்லலாம். அதன் நார்களில் செலுலோசு மிகுந்தும் இலிக்னின் குறைந்தும் இருக்கும். பைன் போன்றவை இதற்கு நேர்மாறாக, சாய்வின் கீழ்ப்பக்கத்தில் இலிக்னின் மிகுந்த மரத்தை இட்டு, தம்மைக் கீழிருந்து தள்ளி நிமிர்த்துகின்றன. செலுலோசில் காபன் குறைவு, இலிக்னினில் கூடுதல் என்பதை மேலே பார்த்தோம். ஆகவே ஒரே அடிமரத்தின் இரண்டு பக்கங்களில் எடுத்த மாதிரிகள் அடர்த்தியிலும் காபன் பங்கிலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் இருக்கலாம். நேராக வளர்ந்த தோட்டத்து யூகலிப்டசில் ஒரு மாதிரி போதுமென்றால், காற்று முறுக்கிய கீன மரத்தில் இரண்டாவது வேண்டும்.

பட்டையிலிருந்து நடுவுக்குப் போகும் வழியிலும் அடர்த்தி மாறுகிறது. புறத்தே காழுள்ளது புல், அகத்தே காழுள்ளது மரம் என்று தொல்காப்பியத்தின் மரபியல் பிரிக்கிறது; பனையின் புறவயிரத்தையும் தேக்கின் அகவயிரத்தையும் அறிந்த எவருக்கும் அந்தப் பிரிப்பு உடனே விளங்கும். மாதிரி எடுப்பவருக்கு அதிலிருந்து கிடைக்கும் பாடம் நேரடியானது: பட்டையை அடுத்துள்ள மென்வைரத்தை மட்டும் சுரண்டி எடுத்துவந்து அதுவே மரம் என்று சொல்லக்கூடாது. மரத்தை வெட்டாமல் அளப்பதற்கு, உள்ளீடற்ற திருகுபோன்ற ஒரு கருவியால் பட்டையிலிருந்து நடுவரை துளைத்து, பென்சிலை விடவும் மெல்லிய ஒரு குச்சியாக மரத்தை உருவி எடுக்கிறார்கள். தேசிய பூங்காவில் இதற்கும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். விழுந்து கிடக்கும் கிளையை எடுத்து அளந்துவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு, கிளையின் அடர்த்தியும் அடிமரத்தின் அடர்த்தியும் ஒன்றல்ல என்பதே விடை.

இந்த அளவீட்டை நானே ஒரு முறை செய்து பார்க்காமல் பிறரைக் குறைகூறக்கூடாது என்று தோன்றியது. மொரட்டுவையில் தளபாடம் செய்யும் நண்பரின் மரக்காலைக்குப் போய் பலா, தேக்கு, மகோகனி, லுணுமிதெல்ல ஆகியவற்றின் கழிவுத் துண்டுகளைக் கேட்டு வாங்கிவந்தேன். அவற்றைக் கல்லைக் கட்டி வாளியில் மூழ்கடித்து, நீர் நன்றாக ஊறும்வரை விட்டேன். பின்னர் சமையலறைத் தராசின் மீது ஒரு பாத்திரம் தண்ணீரை வைத்து, தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, துண்டை ஓர் ஊசியில் குத்தி, பாத்திரத்தின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுவதும் நீருக்குள் அமிழ்த்தினேன். தராசு காட்டும் கிராம் எண்ணிக்கையே அந்தத் துண்டின் கனவளவு, கன சென்ரிமீற்றரில். ஆக்கிமிடீசு தொட்டியில் கண்டது இதுதான் என்றாலும், தராசின் எண் ஏறுவதைக் கண்ணால் பார்க்கும்போது வேறு மகிழ்ச்சி. அதன்பின் போறணையில் உலர்த்தி, இனி எடை குறையாது என்ற நிலை வரும்வரை நிறுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு நாட்களாகக் கேக் போறணையை விறகு பிடித்துக்கொண்டிருப்பதாக மனைவி சொன்னதில் நியாயம் இருந்தது. உலர்ந்த திணிவை ஊறிய கனவளவால் வகுத்தபோது, லுணுமிதெல்லவின் எண் பலாவின் எண்ணைவிட வெகுவாகக் கீழே நின்றது. கையில் தூக்கிப் பார்த்தபோதே தெரிந்த விடயம்தான்.

அந்தப் பயிற்சியில் நான் எதிர்பாராமல் கற்றுக்கொண்டது வேறொன்று. நண்பரின் மரக்காலையில் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையில் ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் அடர்த்தி இருந்தது; என் எண்கள் எல்லாமே அதைவிடக் குறைவாக வந்தன. முதலில் என் தராசைச் சந்தேகித்தேன். காரணம் தராசன்று. தளபாடத் தொழிலில் பயன்படும் அடர்த்தி, 12 சதவீத ஈரப்பதத்தில் காற்றில் காய்ந்த மரத்துக்கு உரியது. அதன் திணிவில் தண்ணீரும் சேர்ந்திருக்கிறது, அதன் கனவளவோ காய்ந்து சுருங்கியிருக்கிறது. காபன் கணக்குக்கு வேண்டியது போறணையில் முற்றாக உலர்ந்த திணிவை, பச்சை மரத்தின் சுருங்காத கனவளவால் வகுத்த எண். ஏனென்றால் காட்டில் நாம் விட்டத்தை அளப்பது பச்சை மரத்தில். முன்னையதைப் பின்னையதாக மாற்ற ஏறக்குறைய 0.83ஆல் பெருக்க வேண்டும். மரக்காலை அட்டவணையில் ஒரு கன மீற்றருக்கு 720 கிலோகிராம் என்றிருந்தால், காபன் கணக்கில் அது 0.60. இந்த மாற்றத்தைச் செய்யாமல் 0.72ஐ அப்படியே இடுபவர் இல்லாத காபனை ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக எழுதிவிடுகிறார். காபனை விற்று வாங்கும் சந்தையைப் பற்றிக் கொழும்பில் கருத்தரங்கு நடக்காத மாதம் இல்லை என்ற நிலையில், இது சிறிய தவறன்று.

உயரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள மரம் தாழ்நிலத்து மழைக்காட்டில் 20 மீற்றருக்கு எழும்பி நிற்கலாம். அப்போது அதன் திணிவு 296 அல்ல, 582 கிலோகிராம். விட்டத்தை மட்டும் அளந்துவிட்டு, தாழ்நிலத்துக் காட்டின் விட்டம்–உயர உறவை மலைக்கு ஏற்றிச் சென்றால் ஒவ்வொரு மரமும் காகிதத்தில் இரண்டு மரமாகிவிடும். இந்த அறிக்கையில் உயரத்தை அளந்திருந்தார்கள் என்பதற்கு அவர்களைப் பாராட்டுகிறேன். மூடுபனியில் மரத்தின் உச்சியைக் கண்டுபிடிப்பது எளிதன்று. குட்டையாக இருப்பதால் மலைக்காடு ஏழைக் காடு என்று முடிவுகட்டுவதும் பிழை. அங்கே குளிரிலும் ஈரத்திலும் சருகு மெதுவாகவே மக்குவதால், காபனின் பெரும்பங்கொன்று கறுத்த மண்ணாகக் காலுக்கடியில் கிடக்கிறது. அது தனிக் கணக்கு.

அறிக்கையில் என்னை மிகவும் உறுத்தியது பட்டமரங்களின் பகுதி. ஹோர்ட்டன் சமவெளிக் காட்டில் 1970களின் பிற்பகுதியிலிருந்தே மரங்கள் உச்சியிலிருந்து கருகிப் பட்டுப்போவதைக் கவனித்து வருகிறார்கள். மண்ணின் சத்துக் குறைபாடு, வரட்சி, வளி மாசு என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன, கன்றுகளை மரைகள் மேய்வதால் புதிய மரங்கள் எழுவதில்லை என்பதும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. பட்ட கீன மரம் உடனே விழுந்துவிடுவதில்லை. பட்டை உரிந்து, சாம்பல் நிறமாகி, உயிரோடிருந்தபோது இருந்த அதே விட்டத்தோடும் ஏறக்குறைய அதே உயரத்தோடும் நிற்கிறது. அளவுநாடாவுக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. உள்ளேயோ பூஞ்சணம் கலச்சுவரைத் தின்றுகொண்டிருக்கிறது. எஞ்சியிருக்கும் மரத்தின் ஒவ்வொரு கிலோகிராமிலும் காபன் பங்கு பெரிதாக மாறுவதில்லை. கிலோகிராம்கள்தாம் குறைந்துகொண்டே போகின்றன. அதாவது மரம் படுவதைக் கணக்கில் காட்டக்கூடிய ஒரே நிரல் அடர்த்தி நிரல்தான். அதனால்தான் பட்டமரங்களைக் கத்தியால் குத்தியும் தட்டியும் பார்த்து, உறுதியானது, நடுத்தரமானது, உளுத்தது என்று பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் தனி அடர்த்தியை அளந்து இடுகிறார்கள். நம் அறிக்கையில் பட்டமரங்களுக்கும் 0.6.

சில ஆண்டுகளுக்கு முன் பட்டிப்பொலவில் ரயிலிலிருந்து இறங்கி, அப்பாவோடு அந்தக் காட்டு ஓரத்தில் நடந்தபோது, வழியில் நின்ற ஒரு பட்டமரத்தை அவர் விரல் மொளியால் தட்டினார். பானையைத் தட்டியதுபோல ஓசை வந்தது. தாத்தா லொறியில் வந்த விறகை இப்படித்தான் தட்டிப் பார்ப்பார் என்றார். பொத்தல் ஓசை கேட்டால் அந்தக் கட்டையைத் தனியாக எடுத்துப் போடச் சொல்வாராம்.

அறிக்கையைத் திருப்பி அனுப்பும்போது மர அடர்த்தி நிரலின் தலைப்பருகே மூன்று கேள்விகளை எழுதினேன். இந்த எண் பச்சைக் கனவளவுக்கு உரியதா, காய்ந்த கனவளவுக்கு உரியதா? கீனவுக்கும் நாவலுக்கும் செண்பகத்துக்கும் ஒரே எண் வந்தது எப்படி? பட்டமரங்களை யாராவது தட்டிப் பார்த்தார்களா? மூன்றாவது கேள்வியை மேலதிகாரி அடித்துவிட்டு, ‘சிதைவு நிலை வகைப்படுத்தப்பட்டதா’ என்று திருத்தினார். பதில் இன்னும் வரவில்லை. தாத்தாவின் கணக்குப் புத்தகம் ஒன்று ஊரில் இப்போதும் இருக்கிறது. நீலக் கோடிட்ட அந்தத் தாள்களில் விறகு என்ற தலைப்பின் கீழ் எப்போதும் இரண்டு நிரல்கள் உண்டு, ஒன்று காட்டு விறகு, மற்றது தோட்டத்து விறகு.